பித்தும் மூளைக் காய்ச்சலும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

யாம் மருத்துவம் கற்றோமல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு நின்று இரயில்வேயில் எழுத்தர் பணி புரிகின்றோம். எனினும் எம் இல்லத்தில் நேர்ந்ததை மறைத்தல் முறையன்று எனக் கருதிப் பேச முன்வந்தோம்.

மாதுங்காவில் எம்முடன் தங்கியிருந்த தங்கை மகன் அடக்கமே உருவானவன். சில வாரங்களாக அவன் எவருடனும் பேசவில்லை. மாலைதோறும் இலேசான காய்ச்சல், தலைவலி. பின்னர்க் காரணமின்றிச் சினந்தான். இல்லாத ஒருவரோடு உரையாடினான். ‘காற்றுச் சேட்டை’ என்றனர் அண்டை அயலார். யாமும் நம்பித் திருநீறு மந்திரித்துத் தாயத்துக் கட்டினோம். பத்து நாள் வீணாயிற்று. வலிப்புக் கண்ட பின்னரே மருத்துவமனைக்கு ஓடினோம். முதுகில் ஊசி செலுத்தி நீரெடுத்து ஆராய்ந்தனர். மூளை உறையைக் காசநோய்க் கிருமி பற்றியிருந்தது! ஓராண்டு மருந்துண்டு பிழைத்தான். ஆயினும் ஒரு செவி கேளாது. அப்பத்து நாளின் விலையோ அது என இன்றும் நெஞ்சம் குமுறுகின்றது.

நினைவும் சினமும் பேச்சும் மூளையின் தொழில்கள். அங்கே கிருமி புகுந்தால் அவை தடுமாறுகின்றன. பித்தராகி மாண்ட சிலரின் மூளையிலே மேகநோய்க் கிருமியை நோகுச்சி, மூர் என்னும் அறிஞர்கள் 1913-இல் கண்டனர். நம் வேலூரில் 1955-இல் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக் காய்ச்சல், கொசுக்கடியால் வருவது. அதுவும் அறிவை மயக்கும்.

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். அவர்தம் நோய் யாதாயினும், சங்கிலி அதற்கு மருந்தாகுமா?

மனநோய் யாவும் கிருமியால் வருவனவல்ல. ஆயின், நேற்றுவரை நன்றாயிருந்தவர் சில நாளில் குணம் மாறினால், அதனோடு காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, ஓயாத உறக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும், ஒரு நாளும் தாழ்த்தலாகாது. முதுகில் ஊசியிட்டால் கால் விளங்காது என்பது வீண் அச்சம்; தண்டுவடம் முடிந்த இடத்திற்குக் கீழேதான் ஊசி செல்கின்றது. தாராவி அன்பர்களுக்குச் சயான் மருத்துவமனை நடந்து செல்லும் தொலைவே.

தெய்வத்தை வேண்டுதல் தவறன்று. வேண்டிக்கொண்டே மருத்துவரிடம் விரைவோம். ஊருக்கு இரயிலேற்றி அனுப்புவது பிறகு ஆகட்டும்.