கவசத்துக்குள் ஒரு பெண்



வெவ்வேறு கதைகளில் பிறந்த வீரர்களை ஒரே களத்தில் நிறுத்தி, இவர்களுள் வலியவர் யார் எனக் காணும் ஆவல் மனித இயல்புக்குப் புதிதன்று. வாலியும் வீமனும் பொருதால் வெல்பவர் யார் எனத் திண்ணையில் அமர்ந்து வழக்காடியோர் நம்மிடையே பலர். இவ்வாவலையே வித்தாகக் கொண்டு ஜப்பான் நாட்டில் எழுந்தது ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ என்னும் வீடியோ விளையாட்டு. மசாஹிரோ சகுராய் என்பவர் இயக்க, நின்டெண்டோ நிறுவனம் அதனை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டது. குழாய் பழுது பார்க்கும் மாரியோ, வாளேந்திய லிங்க், மின்னல் பாய்ச்சும் பிக்காச்சு எனத் தத்தம் விளையாட்டுகளில் புகழ் பெற்றோர் இதில் ஒரே மேடையில் ஏறி, ஒருவரை ஒருவர் அடித்து வெளியே எறிய முயல்வர். இம்மேடைக்குப் பெண்கள் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

முதல் விளையாட்டில் போராளிகள் பன்னிருவர். அவர்களுள் வெளிப்படையாகப் பெண் என அறியப்பட்டவர் சாமஸ் ஆரன் ஒருவரே. அவரும் தலைமுதல் கால்வரை இரும்புக் கவசம் பூண்டவர். ஒரு கை பீரங்கியாக அமைந்தவர். அவருடைய முன்கதையை அறியாத சிறுவன் அக்கவசத்துக்குள் இருப்பவர் பெண் என்பதை அறியாமலே விளையாடி முடித்திருக்கக் கூடும்.

அம்முன்கதை சுவையுடையது. சாமஸ் முதலில் தோன்றியது 1986ஆம் ஆண்டின் ‘மெட்ராய்ட்’ என்னும் விளையாட்டில். விண்வெளிக் கோளொன்றின் சுரங்கங்களில் பகைவரைத் தேடி அழிக்கும் வீரரின் கதை அது. அமெரிக்காவில் அது வெளிவந்தபோது, உடன் வந்த ஆங்கிலக் கையேடு சாமஸை ஆண்பாற் சொல்லாலேயே குறித்தது. ஆட்டத்தை விரைந்து முடித்தவர்க்கே இறுதியில் தலைக்கவசம் நீங்கி, பெண் என்னும் உண்மை வெளிப்பட்டது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டியிருக்கிறது. ஜப்பானிய மொழியில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியத்தை நடத்திச் செல்லலாம். வினைச்சொல்லும் பால் காட்டுவதில்லை. ஆங்கிலத்திலோ அவன் அல்லது அவள் என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நெருக்கடி அடிக்கடி நேரும். கையேட்டை எழுதியவர் ஆண்பாலைத் தேர்ந்தார். அதனால் மறைபொருள் காக்கப்பட்டது, ஆனால் பொய்யும் ஒன்று நுழைந்தது. தமிழிலோ ‘புறப்பட்டான்’, ‘புறப்பட்டாள்’ என வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். எனினும் ‘சாமஸ் புறப்பட்டார்’ என்று எழுதிவிட்டால் இறுதிவரை ஒன்றும் வெளிப்படாது, பொய்யும் புகாது. நம் மரியாதைப் பன்மை மறைபொருளைக் காக்கவும் பயன்படும் என்பதை இலக்கண ஆசிரியர்கள் எண்ணியிருப்பார்களோ, அறியோம்!

அது நிற்க. சாமஸின் பெண்மை அங்கே பரிசாக வைக்கப்பட்டிருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆட்டக்காரர் எவ்வளவு விரைவாக முடித்தாரோ அவ்வளவுக்குச் சாமஸின் உடை குறைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடித்தவர்க்கு நீச்சலுடையில் காட்சி தந்தார். கோளின் பகைவரையெல்லாம் வென்றவர் அவரே. பரிசு மட்டும் பார்வையாளருக்கு! வேறொரு நிறுவனமாகிய எஸ்.என்.கே. 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்’ விளையாட்டில் இது இன்னும் பச்சையாக நிகழ்ந்தது. கிங் என்னும் பெண் ஆணுடை தரித்துப் பொருவார். சிறப்பு அடி ஒன்றால் அவரை வீழ்த்தினால் சட்டை கிழிந்து உண்மை வெளிப்படும். அதே கிங், பல விளையாட்டுகளின் வீரர்களை ஒன்று கூட்டிய 1994ஆம் ஆண்டின் ‘தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்’ போட்டியில், மாய் ஷிரானுய், யூரி சகஸாகி என்னும் இருவரோடு பெண்கள் அணியாக வந்து நின்றார். அங்கு அவர் பெண் என்பது அணியின் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது.

மாற்றுருவில் வரும் வழக்கம் ஸ்மாஷ் மேடையில் பின்னரும் தொடர்ந்தது. 2001ஆம் ஆண்டின் ‘மெலீ’ என்னும் பதிப்பில் இளவரசி செல்டா வந்தார். வேண்டும்போது, இளைஞனெனத் தோன்றும் ஷீக் என்னும் வேடத்துக்கு மாறினார். 2014ஆம் ஆண்டில் வந்த லூசினா, தன் கதையில் முன்னோனாகிய மார்த் என்னும் வீரனின் பெயரையே சூடி வாளெடுத்தவர். விராடன் அரண்மனையில் அர்ச்சுனன் பெண்ணுருக் கொண்டு கரந்து வாழ்ந்தான். இங்கே திசை மாறியிருக்கிறது, அவ்வளவே. மேடையில் லூசினாவின் வாள்வீச்சு பெரிதும் மார்த்தின் வீச்சே. ஆனால் மார்த்தின் வாள் நுனியில் பட்டால்தான் வலிமை மிகும். லூசினாவின் வாளுக்கு எவ்விடத்தும் ஒரே வலிமை.

வேடமின்றி வந்தவர் பீச் இளவரசி. நாம் மிகவும் விரும்புவதும் இவரைத்தான். 1985ஆம் ஆண்டின் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முதலாகப் பலமுறை சிறை எடுக்கப்பட்டு, மாரியோ வந்து மீட்கும்வரை காத்திருந்தவர் இவர். அத்தகையவரை 2001இல் போர்மேடையில் ஏற்ற வேண்டுமாயின் எந்தப் படைக்கலத்தைக் கொடுப்பது? இயற்றியவர்கள் அவர் வாழ்க்கையிலேயே தேடினர். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் மாரியோ விளையாட்டில் அவர் சிறிது நேரம் காற்றில் மிதப்பார்; அந்த மிதப்பு மேடைக்கு வந்தது. குடை வந்தது. வாணலியும் டென்னிஸ் மட்டையும் கால்ஃப் கோலும் வந்தன. மெலீயில் அடிக்கும்போது எது கைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. பட்டாடை கசங்காமல், தன்னைச் சிறை எடுத்த பவுசரையே வாணலியால் அடித்து வெளியேற்றும் இளவரசியைக் காண்பது பெரியதோர் இன்பம்.

செல்டாவின் செய்தி வேறு. தன் பெயர் தாங்கிய தொடரில் அவருக்குப் போர் முறை என்று தனியாக எதுவும் அமைந்திருக்கவில்லை. ஆகவே 1998ஆம் ஆண்டின் ‘ஒகரினா ஆஃப் டைம்’ விளையாட்டில் நாயகன் லிங்க் பெற்ற மூன்று மந்திரங்களை எடுத்து, மெலீயில் அவர் கையில் கொடுத்தனர்.

மேடையின் விதி ஒன்றையும் சொல்ல வேண்டும். அடிபட அடிபடப் போராளி மேலும் தொலைவுக்கு எறியப்படுவார். எடை குறைந்தவர் எளிதில் பறப்பார். பீச்சும் செல்டாவும் மாரியோவை விட இலேசானவர்கள். கவசமணிந்த சாமஸோ மாரியோவை விடக் கனமானவர். 2008ஆம் ஆண்டின் ‘பிரால்’ பதிப்பு முதல் கவசம் களைந்த சாமஸும் மேடைக்கு வருகிறார். அவர் இலேசு, ஆனால் விரைவு மிக்கவர். 2014இல் அவருக்கு உயர்குதி காலணியைப் பூட்டினார்கள். உதைக்கும்போது அதிலிருந்து தீப்பொறி பறப்பது உண்மையே. எனினும் அவ்வடிவம் யார் கண்ணுக்காக என்னும் ஐயம் நம்மை விட்டு நீங்கவில்லை.

மெலீக்குப் பின் வந்தோரின் வகை பெருகியது. உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் வந்தார். ராபின் என்பவரை ஆணாகவோ பெண்ணாகவோ ஆடுவோரே தேர்ந்துகொள்ளலாம். வலிமையில் அணுவளவும் வேறுபாடில்லை. 2018ஆம் ஆண்டின் ‘அல்டிமேட்’ பதிப்பில், ஊர்த்தலைவரின் காரியதரிசியாகப் பணிபுரியும் நாய்முகப் பெண் இசபெல் தூண்டிலும் கையுமாக வந்தார். அலுவலகத்தில் வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு, கோப்புகளை வைத்துவிட்டு மேடையேறிய அவரிடம் தனிப் பரிவு உண்டு. 2020இல் நூடுல்ஸ் கடையைச் சேர்ந்த மின் மின், சுருள்வில் போல நீளும் கைகளோடு சேர்ந்தார்.

நின்டெண்டோவின் செல்டா தொடர் தொடங்கியது 1986இல். அதில் செல்டாவையே முதன்மை நாயகியாகக் கொண்ட ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ வெளிவந்தது 2024இல். இடையே 38 ஆண்டுகள். அதற்கு 23 ஆண்டுகள் முன்பே, கடன் பெற்ற மூன்று மந்திரங்களுடன், அவர் ஸ்மாஷ் மேடையில் நின்றிருந்தார்.