பந்தியில் லினக்ஸுக்கு ஓர் இலை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசு. ஆனா தூங்க வச்சிடாதே" என்பது செயலாளர் எனக்கிட்ட கட்டளை. தலைப்பைத் தேட வேண்டிய சிரமம் எனக்கு இருக்கவில்லை. மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: "அண்ணா, என் லேப்டாப்பில லினக்ஸ்தான் இருக்கு. ஹாஸ்டலே ராத்திரி ஒரு கேம் ஆடுது, நான் மட்டும் வேடிக்கை பாக்குறேன். கம்பெனிக்காரன் நமக்கும் சேர்த்துச் செய்ய வேண்டாமா?" விளையாட்டைப் பற்றிப் பேச ஒரு முன்னாள் மாணவர் தேவையா என்று பெரியவர்கள் நினைக்கலாம். அதற்குள் இருக்கும் கேள்வி விளையாட்டு இல்லை. காசு கொடுத்து வாங்கிய கணிப்பொறிக்குள் அதிகாரம் யாருக்கு என்பதுதான் அந்தக் கேள்வி.

முதலில் கம்பெனிக்காரன் பக்கம் நின்று பேசுகிறேன். நான் அந்தச் சாதிதானே!

கல்யாண வீட்டில் ஆயிரம் இலை விழுகிறது. அதில் மூன்று பேர் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள். அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிச் சமையல்காரர். செலவைக் கூட்டிப் பார்த்தால் அந்த மூன்று இலைதான் பந்தியிலேயே விலை கூடின இலை. ராக்கெட் லீக் என்ற விளையாட்டு உங்களுக்குத் தெரியும். கார்களை வைத்துக் கால்பந்து ஆடுவது. 2015-ல் வந்தது. அடுத்த ஆண்டே மேக்குக்கும் லினக்ஸுக்கும் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் இரண்டுக்கும் ஆன்லைன் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மேக், லினக்ஸ் இரண்டும் சேர்ந்து ஆடுபவர்களில் 0.3 சதவீதம்கூட இல்லை என்றார்கள். ஆயிரத்தில் மூன்று இலைகூட இல்லை. டைரக்ட் எக்ஸ் 9-லிருந்து 11-க்கு மாறும்போது, இந்த இரண்டுக்கும் தனியே ஒரு கிராபிக்ஸ் வேலையைத் தொடர்வது கட்டுபடியாகாது என்பது அவர்கள் கணக்கு. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார்கள்.

இது சோம்பேறித்தனம் இல்லை. ஒரே மென்பொருளை இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எழுதுவது ஒரு முறை, சோதிப்பது இரு முறை, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது நான்கு முறை. பிளானட்டரி அனைஹிலேஷன் விளையாட்டில் வேலை பார்த்த ஒருவர் 2019-ல் பொதுவில் சொன்ன கணக்கு உலகமெல்லாம் சுற்றியது: விற்பனையில் லினக்ஸ் 0.1 சதவீதம், ஆனால் தானாகப் பதிவான கோளாறுகளிலும் உதவி கேட்டு வந்த புகார்களிலும் 20 சதவீதம். பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் தகராறு. இதைக் கேட்டால் எந்த மேனேஜரும் லினக்ஸை மூட்டை கட்டச் சொல்வார்.

ஆனால் 2021-ல் இன்னொரு கணக்கு வந்தது. டெல்டா-வி என்ற சிறிய விண்வெளி விளையாட்டைச் செய்தவர் வெளியிட்டது. அவரிடம் வாங்கியவர்களில் லினக்ஸ்காரர்கள் 5.8 சதவீதம். வந்த புகார்களிலோ 38 சதவீதம், அதாவது சுமார் நானூறு. 'அடேயப்பா, அதே கதைதானே' என்று தோன்றும். அந்த நானூறில் லினக்ஸுக்கு மட்டுமே உரிய கோளாறுகள் எத்தனை தெரியுமா? மூன்று! மற்றதெல்லாம் விண்டோஸ்காரருக்கும் சேர்த்து இருந்த தப்பு. விண்டோஸ்காரர் ஆட்டத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். லினக்ஸ்காரர் உட்கார்ந்து லாக் எடுத்து, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதி அனுப்பியிருக்கிறார். சம்பளம் இல்லாத டெஸ்டர்! அந்த விளையாட்டு சிறியது, இது பெரிய ஸ்டூடியோவுக்குப் பொருந்தாது என்று வாதிடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'புகார் அதிகம்' என்பதும் 'கோளாறு அதிகம்' என்பதும் ஒன்றல்ல. குவாலிட்டி கன்ட்ரோல் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

நிற்க. தனிச் சமையல் கதையே இப்போது பழசாகிவிட்டது. 1993-லேயே ஒயின் என்றொரு திட்டம் தொடங்கியது (பெயரைக் கேட்டு முதல்வர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது மென்பொருள்தான்). விண்டோஸுக்கென்று எழுதிய புரோகிராம் "இதைச் செய்து கொடு" என்று விண்டோஸிடம் கேட்பதை, நடுவில் நின்று லினக்ஸின் வழியில் செய்து கொடுக்கும் ஏற்பாடு. கால் நூற்றாண்டு தன்னார்வலர்கள் அதைத் தட்டிக் கொட்டினார்கள். வால்வ் நிறுவனம் அதன் மேல் கட்டி, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்று வெளியிட்டது. டைரக்ட் எக்ஸ் கட்டளைகளை வல்கனாக மாற்றும் வேலையும் அதற்குள்ளேயே நடக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி முழுக்க லினக்ஸில் ஓடுகிறது. ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் 2025 அக்டோபரில் லினக்ஸ் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது, வெங்காயம் சாப்பிடாதவர் இப்போது தன் குழம்பைத் தானே தூக்கில் கொண்டு வருகிறார். கல்யாண வீட்டார் இலை போட்டால் போதும்.

இங்கேதான் சிக்கல். இலை போடுவது இருக்கட்டும், வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.

தனியாளாக ஆடும் விளையாட்டுகளில் இப்போது பெரும்பாலும் தொல்லையில்லை. ஆன்லைன் ஆட்டங்களில்தான் தகராறு, காரணம் ஆன்டி-சீட். சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியைப் பார்க்க வைக்கும் மென்பொருள், குறி தவறாமல் சுட வைக்கும் மென்பொருள், இவற்றைப் பிடிக்கும் காவல்காரன். இந்தக் காவல்காரன் பல ஆட்டங்களில் கெர்னலுக்குள், கணிப்பொறியின் கர்ப்பகிருகத்துக்குள், போய் உட்காருகிறான். விண்டோஸில் கெர்னலைத் தொட மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்து வேண்டும், அதனால் அவனுக்கு ஓரளவு நம்பிக்கை. லினக்ஸில் யாரும் தன் கெர்னலைத் தானே கம்பைல் செய்துகொள்ளலாம். காவல்காரன் பார்க்கும் கண்ணாடியையே வீட்டுக்காரன் மாற்றி வைக்கலாம். இதைத்தான் எபிக் நிறுவனத்தின் டிம் ஸ்வீனி 2022-ல் ஃபோர்ட்நைட் விஷயத்தில் காரணமாகச் சொன்னார். அபெக்ஸ் லெஜண்ட்ஸ் சில காலம் லினக்ஸை அனுமதித்துவிட்டு, ஏமாற்றுவோர் அந்த வழியாக வருகிறார்கள் என்று 2024 அக்டோபர் கடைசியில் கதவை மூடியது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் அதே ஆண்டு வான்கார்டைக் கொண்டு வந்தபோது, ஒரு நாளில் ஆடும் லினக்ஸ்காரர்கள் எண்ணூற்றுச் சொச்சம்தான் என்று தயாரித்தவர்களே சொன்னார்கள்.

இவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏமாற்றுக்காரன் ஒருவன் நுழைந்தால் நேர்மையாக ஆடும் மற்ற அத்தனை பேருடைய ராத்திரியும் பாழ். லினக்ஸில் சொந்தமாகவே ஓடும் கவுன்டர்-ஸ்டிரைக்கில் காவல்காரன் கெர்னலுக்கு வெளியேதான் நிற்கிறான். அங்கே ஏமாற்றுக்காரர் தொல்லை என்ற புலம்பலும் ஓயவில்லை. இதை மறைத்துப் பேசினால் நான் பொறியாளர் இல்லை.

ஆனாலும் நான் அந்தத் தம்பி பக்கம்தான். ஏன் என்றால், கர்ப்பகிருகத்துக்குள் யாரை விடுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு தப்பான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை நீலத் திரையில் நிறுத்திவிட்டது. அது கெட்ட மென்பொருள் இல்லை, காவலுக்கு வைத்ததுதான். கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்ததால் அது விழுந்தபோது வீடே விழுந்தது. ஒரு விளையாட்டுக்காக அதே இடத்தை, பேங்க் கணக்கும் பிராஜெக்ட் ரிப்போர்ட்டும் இருக்கும் கணிப்பொறியில் திறந்துவிடச் சொல்கிறார்கள். மறுப்பவனைத்தான் 'சப்போர்ட் இல்லாத ஆபரேட்டிங் சிஸ்டம்' என்கிறார்கள்.

அப்படித் திறந்துவிட்டாலும் திருட்டு நின்றதா என்றால், இல்லை. இரண்டாவது கணிப்பொறியை டி.எம்.ஏ. கார்டு வழியாக இணைத்து மெமரியைப் படிக்கிறார்கள். கெர்னல் காவல்காரனுக்கு அதைப் பிடிப்பது பெரும்பாடு. மறுபுறம், வேலோரன்ட்டில் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள்: எதிரி கண்ணில் படும் நிலைக்கு வரும்வரை அவர் நிற்கும் இடத்தை சர்வர் முடிந்தவரை அனுப்புவதே இல்லை. வராத தகவலை எந்தச் சீட்டும் காட்ட முடியாது. இதில் உழைப்பு அதிகம், சர்வர் செலவும் கூடும். குறி பார்த்துச் சுடும் மென்பொருளை இது தடுக்காது என்பதும் உண்மை. ஆனால் காவல் தன் வீட்டில் இருக்கிறது, அடுத்தவன் வீட்டில் இல்லை. என் வோட்டு இந்த வழிக்குத்தான்.

எனவே அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில்: "உனக்கென்று தனியாகச் செய்து தா என்று கேட்காதே, அது நடக்காது. கதவைப் பூட்டாதே என்று கேள்." 2021 செப்டம்பரிலேயே ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் புரோட்டானில் ஓடும் வழியைத் திறந்துவிட்டன. அதைப் பயன்படுத்துவதும் மறுப்பதும் ஒவ்வொரு தயாரிப்பாளர் கையில். மறுப்பதானால் காசு வாங்கும் முன் சொல்லட்டும். வாங்கி ஆடியவனைப் பாதியில் வெளியே தள்ளினால் பணத்தைத் திருப்பட்டும். லாபம் தீர்ந்த பிறகு சர்வர் மென்பொருளையாவது ஆடுகிறவர்களிடம் விட்டுச் செல்லட்டும். ஐடி சாஃப்ட்வேர்காரர்கள் 1997-ல் டூம், 1999-ல் குவேக் என்று மூலநிரலையே கொடுத்தார்கள். இன்றும் அவை ஓடாத கருவி இல்லை.

நம் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. கையில் வாங்கிய அன்றே அதைக் கழற்றி எறிந்தவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் இந்த அரங்கு போதாது. "இதுல கேம் வராதுடா" என்பதுதான் அன்று கேட்ட காரணம். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்போடு இந்த ஹாஸ்டலிலும் பலர் இருப்பீர்கள். புதிது வாங்க அப்பாவிடம் கேட்கத் தயங்கும் பிள்ளைக்கு லினக்ஸ் இன்று ஃபேஷன் இல்லை, வேறு வழி இல்லாத வழி. அவனைத்தான் ராத்திரி ஆட்டத்தில் வாசலில் நிறுத்துகிறார்கள்.

தம்பிக்குக் கடைசியாக ஒன்று சொன்னேன். உங்கள் ஹாஸ்டலுக்கு இன்டர்நெட் சர்வரே தேவையில்லாத, லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒன்றாக ஓடும் ஆட்டங்கள் இருக்கின்றன. சூப்பர்டக்ஸ்கார்ட் இலவசம், லேன் கேபிள் போதும். இன்று சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் மாடி லேபில் எட்டு மெஷினில் போட்டு வைத்திருக்கிறேன். லேப் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கியாயிற்று. பேராசிரியர்களும் வரலாம், மார்க் கேட்க மாட்டோம்.