யாத்திரைக் குறிப்பேடு
(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடமுழுக்குப் பந்தலில் பேச வருவோர் ஆகமச் சிறப்பையோ அடியார் பெருமையையோ எடுத்துரைப்பது மரபு. அவற்றை உரைக்க என்னினும் தகுதி வாய்ந்த பெரியோர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே எளியது. தலயாத்திரை செல்லும் நாம், கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே எழுதி வைத்தல் வேண்டும் என்பதே அது.

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் புதுவையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்படுகிறோம். காசிக்குச் செல்வார் சிலர். இராமேசுவரத்திற்குச் செல்வார் பலர். அறுபடை வீடுகளையும் ஒரே மூச்சில் கண்டு வருவாரும் உண்டு. திரும்பி வந்த ஒரு கிழமை வரையில் வீட்டில் வேறு பேச்சு இராது. ஓராண்டு கழித்து அவர்களையே கேட்டுப் பாருங்கள். "நல்ல தரிசனம்; கூட்டந்தான் மிகுதி; வெயில் தாங்கவில்லை" என்ற மூன்று சொற்றொடர்களுக்கு மேல் நான்காவது வருவதில்லை. கைப்பேசியில் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆயினும் இந்தக் கோபுரம் எந்த ஊர்க் கோபுரம் என்று கணவனுக்கும் மனைவிக்கும் வழக்கு நடக்கும்! படம் உருவத்தைக் காட்டும். அதை எடுத்த பொழுதில் ஓதுவார் என்ன பாடிக்கொண்டிருந்தார் என்பதை அது சொல்லாது.

நம் சமயத்தில் பயணமும் பதிவும் உடன்பிறந்தவை. ஞானசம்பந்தப் பெருமான் இப்பகுதிக்கு எழுந்தருளியதை நாம் எவ்வாறு அறிகிறோம்? இரும்பை மாகாளத்திற்கும், அரசிலிக்கும், வடுகூருக்கும், வக்கரைக்கும் அவர் அருளிய பதிகங்களால் அறிகிறோம். பதிகத்தை நாட்குறிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு நிலை. எனினும் ஊர்தோறும் ஒரு பதிவு நின்றமையால் அன்றோ, பின்வந்த சேக்கிழார் பெருமான் வழி பிடித்து வரலாறு பாட இயன்றது?

அருளாளர் செயல் நமக்கு எட்டாது எனின், நம்மைப் போன்ற இல்லறத்தார் ஒருவரைச் சொல்கிறேன். ஏனுகுல வீராசாமி என்பவர் சென்னையில் அந்நாளில் இருந்த சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் காசிக்குப் புறப்பட்டார். இரயில் இல்லாத காலம். உற்றார், பணியாளர், பல்லக்குச் சுமப்போர் என ஏறக்குறைய நூறு பேர் உடன் சென்றனர். திருப்பதி, ஸ்ரீசைலம், ஐதராபாத், நாகபுரி வழியாகப் பிரயாகை, காசி, கயை கண்டு, கல்கத்தா சென்று, பூரி வழியாகக் கீழ்க்கடற்கரையோரம் இறங்கி, 1831 செப்டம்பர் 3ஆம் நாள் சென்னை திரும்பினார். பதினைந்து மாதத்திற்கு மேற்பட்ட அந்நெடும் பயணத்தின் செய்திகளைக் கோமளீசுவரன்பேட்டைச் சீனிவாசப் பிள்ளை என்னும் நண்பருக்குத் தெலுங்கில் எழுதி வந்தார். வீராசாமி 1836இல் மறைந்தார். நண்பர் அவ்வெழுத்துக்களைப் போற்றி வைத்திருந்து, 1838இல் 'காசி யாத்திரை சரித்திரம்' என்ற நூலாக அச்சிட்டார்.

அந்நூலில் அவர் எழுதியிருப்பவை யாவை? தரிசனச் சிறப்பு உண்டு. தத்துவ ஆராய்ச்சியும் உண்டு. அவற்றோடு, இந்த ஊரில் கடை இருக்கிறதா, குடிநீர் எப்படி, பாதை மணலா கல்லா, ஆற்றைக் கடக்க ஓடம் கிடைக்குமா, தங்க இடம் உண்டா என்று ஊர் ஊராக எழுதிச் செல்கிறார். காசிக்குப் போகிறவர் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எழுதுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கோ அந்நூலில் பக்தி மிகுந்து விளங்கும் பகுதி அதுவே. தனக்குப்பின் அவ்வழியே நடக்கப்போகும் முகமறியா யாத்திரிகனுடைய தாகத்தை நினைத்து ஒருவர் எழுதியிருக்கிறாரே! தண்ணீர்ப் பந்தல் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

போன காரியம் முற்றாமற் போனால் எதை எழுதுவது என்று ஒருவர் கேட்கலாம். நெடுந்தொலைவு சென்று நடை சாத்தியிருக்கக் கண்டு திரும்பியவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அவர்களுக்கு இப்புதுவை மண்ணிலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லெ ழான்தி என்னும் பிரெஞ்சு வானநூலார், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடக்கும் காட்சியைக் கண்டு அளப்பதற்காக 1760இல் தம் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். 1761 ஜூன் மாதத்தில் புதுவையிலிருந்து அதைக் காண வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அவ்வாண்டு சனவரியிலேயே புதுவை ஆங்கிலேயர் கைப்பட்டுவிட்டது. கப்பல் திரும்பிவிட, அலையிலாடும் தளத்தில் நின்று அக்காட்சியைக் கண்டார், அளவெடுக்க இயலவில்லை. அடுத்த முறை 1769இல். எட்டு ஆண்டுகள் கீழ்த்திசைக் கடல்களிலேயே காத்திருந்தார். 1768இல் புதுவை வந்து, இடிந்து கிடந்த கவர்னர் மாளிகையின்மேல் வானோக்கு நிலையம் ஒன்றும் அமைத்துக்கொண்டார். அதற்கு முந்திய நாட்கள் எல்லாம் வானம் பளிங்குபோல் தெளிந்திருந்தன. 1769 ஜூன் 4ஆம் நாள் விடியலில் மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு சூரியன் வெளிப்பட்டுப் பகல் முழுதும் காய்ந்தது!

இரண்டு வாரங்களுக்கு மேல் அவருக்கு எதிலும் மனம் செல்லவில்லை. நாட்குறிப்பைத் தொடர எடுத்த எழுதுகோல் பலமுறை கையிலிருந்து நழுவியது. இதுவும் அவரே எழுதி வைத்த செய்திதான். நழுவிய எழுதுகோலை அவர் மீண்டும் எடுத்தமையால் நமக்கு விளைந்த நன்மை ஒன்று உண்டு. புதுவையில் தங்கிய காலத்தில் தமிழ்க் கணிதர்களின் கிரகணக் கணக்கை அவர் கற்றார். 1765 ஆகஸ்டு 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறைப்படி கணித்தபோது 41 வினாடியே குறைந்தது. ஐரோப்பாவில் புகழ் பெற்றிருந்த மேயரின் அட்டவணைப்படி 68 வினாடி மிகுந்தது. இதனையும் அவரே குறித்து வைத்தார். தேடி வந்தது கிடைக்காத பயணத்தில், தேடாத ஒன்று கிடைத்தது. அவர் எழுதாதிருந்தால் நம் முன்னோரின் கணக்குத் திறத்திற்கு இப்படி ஓர் அயலார் சான்று நமக்குக் கிடைத்திராது. 1771இல் அவர் ஊர் திரும்பியபோது, இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தனர் என்பது தனிக்கதை.

புதுவையிற் பிறந்து வளர்ந்தோர்க்கு நாட்குறிப்பு என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் நினைவுக்கு வரும். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 சனவரியில் தம் இறுதி நாட்கள் வரை, இடையிடையே விடுபட்டாலும், எழுதி வந்தவர் அவர். துய்ப்ளேக்சின் துபாசி. எத்தனை அலுவல்! அத்தனை அலுவலுக்கும் நடுவே கப்பல் வந்ததையும் போனதையும், கண்டதையும் கேட்டதையும் எழுதினார். இலக்கண நடைக்கு அவர் காத்திருக்கவில்லை. வாயிற் பேசிய தமிழையே, பாரசீகமும் பிரெஞ்சும் விரவிய அந்தப் பட்டினத்துத் தமிழையே தாளில் இறக்கினார். 'எனக்கு எழுத வராது' என்பவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டுவதில்லை.

திருக்கோயில் விழாவில் அவரை நினைப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1748இல் ஆங்கிலேயர் இவ்வூரை முற்றுகையிட்டிருந்தபோது பழைய வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள் குறிப்பில் பிள்ளை அதை விரிவாக எழுதியிருக்கிறார். எந்த மதிலில் கடப்பாரை முதலில் விழுந்தது, கோயிலார் யார் யார் தம்மிடம் ஓடி வந்தனர், திருமேனிகளையும் வாகனங்களையும் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டு செல்வதைப் பற்றி என்ன பேச்சு நடந்தது என்பவையெல்லாம் அதில் உண்டு. இடிக்கச் சொன்ன ஆட்சியின் ஊழியர் அவர். இடிபட்ட கோயிலின் அன்பரும் அவரே. அந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே நின்று அவர் பட்ட துயரம் அவ்வரிகளில் இருக்கிறது. பழம்பகை வளர்க்க இதைச் சொல்லவில்லை. அந்தக் காலம் போயிற்று. கோயிலும் பின்னர் வேறிடத்தில் எழுந்து இன்று சிறந்து விளங்குகிறது. ஆனால் அன்றிரவு அவர் களைத்துப் படுத்திருந்தால், பழைய கோயிலுக்கு நேர்ந்தது என்ன என்பது நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது.

அவருக்குப் பின்னும் இவ்வூரில் இவ்வழக்கம் அற்றுவிடவில்லை. இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதியிருக்கிறார். கடலோரத்து ஊருக்கு இப்படி ஒரு குணம் வாய்த்திருக்கிறது. அதை நாம் விட்டுவிடலாமா?

சரி, யாத்திரையில் எதை எழுதுவது? ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திருவக்கரை இங்கிருந்து ஒரு பகலில் சென்று வரக்கூடிய தலம். பௌர்ணமியன்று வக்கிரகாளியைத் தரிசிக்கப் பெருங்கூட்டம் செல்கிறது. பலர் எலுமிச்சம்பழ மாலையோடு திரும்பிவிடுகிறோம். கருவறையில் இலிங்கத் திருமேனியில் மூன்று முகங்கள் இருப்பதைக் கூர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்? ஊருக்குக் கிழக்கே சற்றுத் தொலைவில், ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. மரத்தின் வரிகள் தெரியும், தொட்டால் கல். அரக்கனின் எலும்புகள் அவை என்று கதை வழங்குகிறது. சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி 1781இலேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். பக்கத்து ஊரார் நாம் பார்த்ததே இல்லை! நம் குறிப்பேட்டில் கதையையும் எழுதலாம், கல்லையும் எழுதலாம். கதையைச் சொன்னவர் பூசைக்காரரா, பூக்காரியா என்பதையும் எழுத வேண்டும். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. தாளில் இரண்டிற்கும் இடமுண்டு.

திருப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் ஒன்று சொல்ல வேண்டும். கோயிலைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் கற்களின்மேல் மணலை வீசித் துலக்கியதால் கல்வெட்டெழுத்துகள் தேய்ந்துபோன தலங்கள் நம் நாட்டில் உண்டு. சுண்ணாம்பு பூசி மறைந்த பழைய ஓவியங்களும் உண்டு. அத்தகைய இடத்திற்குத் திருப்பணிக்கு முன்பு சென்று வந்த ஒருவர், "வடபுறத்து அதிட்டானத்தில் எழுத்து இருக்கிறது; விதானத்தில் சிவப்பு நிறச் சித்திரம் மங்கலாகத் தெரிகிறது" என்று இரண்டு வரி எழுதியிருந்தால், அது பின்னாளில் பெருஞ்சான்று ஆகும். படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்பதில்லை. இருந்தது என்று எழுதினாற் போதும்.

இனி நடைமுறை பற்றிச் சில சொற்கள். சட்டைப்பையில் அடங்கும் ஏடு போதும். நீர் பட்டால் கலையாத எழுதுகோல் நல்லது. யாத்திரையில் தீர்த்தமாடும்போதுதான் ஏடு நனையும். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி இரண்டையும் இடுங்கள். அன்றைய குறிப்பை அன்றிரவே முடித்துவிட வேண்டும்; 'ஊருக்குப் போய் எழுதலாம்' என்று வைத்தது எழுதப்படுவதில்லை. பிள்ளைகள் கையிலும் ஓர் ஏடு கொடுங்கள். யானையின் பெயரையும், குளத்தில் மீன் எத்தனை நிறம் என்பதையும் அவர்கள்தாம் எழுதுவார்கள். நம் கண்ணுக்கு அவை படுவதில்லை. தாய்மார்கள் பேருந்துக் கட்டணத்தையும் சத்திரத்துச் சமையலையும் எழுதத் தயங்க வேண்டா, வீராசாமி எழுதவில்லையா?

எழுதிய ஏட்டைக் காப்பதும் ஒரு பணி. ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பேடுகள் அவர் மறைந்து பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்புப் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. தமிழ் மூலம் 1948 முதற்கொண்டே பகுதி பகுதியாக அச்சேறத் தொடங்கியது. எழுதிய மொழியில் அச்சாகும் முன் வேற்று மொழியில் அச்சாகிவிட்டது! உங்கள் வீட்டுப் பரணிலும் பாட்டனார் காசிக்குப் போனபோது எழுதிய கணக்கு நோட்டு ஒன்று கிடக்கக்கூடும். பழந்தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

வைகாசியில் வில்லியனூர்த் திருக்காமீசுவரருக்குத் தேர். காசிக்குப் போகும் வரையில் காத்திருக்க வேண்டா. அரை மணிப் பயணமே ஆன அந்த ஊரிலிருந்து முதற் பக்கத்தைத் தொடங்கலாம்.