பன்சக்கி பார்க்கப் போகிறவர்களுக்கு

கோடை விடுமுறையில் அஜந்தா, எல்லோரா கிளம்பும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அவுரங்காபாத்தில், அதாவது இன்றைய சத்ரபதி சம்பாஜிநகரில், பன்சக்கிக்கும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். மே மாத வெயில் அங்கே கடுமை, சீக்கிரமே போய்விடுங்கள்.

பன்சக்கி என்றால் தண்ணீரால் சுற்றும் மாவு எந்திரம். பாபா ஷா முசாபிர் தர்காவுக்கு வருகிறவர்களின் சாப்பாட்டுக்காக, ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் அமைத்தது. கீழே சக்கரத்தின் இலைகளில் நீர் வேகமாக அடிக்க, மேலே திருகைக் கல் சுழலும்.

பலர் குளத்தில் கொட்டும் அருவி முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்த உயர்ந்த சுவரை அண்ணாந்து பாருங்கள். பல கிலோமீட்டர் தள்ளியுள்ள குன்றுப் பகுதி ஊற்றிலிருந்து நிலத்தடிக் குழாயில் வரும் நீர் அது. மோட்டார் கிடையாது. ஊற்று மேட்டில் இருப்பதால் அந்த அழுத்தமே நீரைச் சுவர் உச்சிக்கு ஏற்றிவிடுகிறது. இங்கே அரை மணி மின்தடை வந்தாலே நம் வாட்ஸ்அப் குழு படும் பாடு உங்களுக்குத் தெரியும்!

குளத்துக்கு அடியில் ஒரு பெரிய மண்டபம். குளத்தின் தரைதான் அதற்குக் கூரை. அதனால் கோடையிலும் குளுமை.

ஒட்டினாற்போல் ஓடுவது காம் நதி. நகரத்துக் கழிவுநீர் பல ஆண்டுகளாகக் கலந்து பாழான ஆறு. அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பழுதுபார்க்கும் தீர்மானம் ஜூன் கூட்டத்தில் வருகிறது. வாக்களிக்க அதற்குள் ஊர் திரும்பிவிடுங்கள்.