நொதுமியும் காமாக்கதிரும்
(புதுக்கோட்டையில் ஆற்றிய உரை)



அணுவியலைத் தமிழில் கற்பிக்க ஒண்ணாது என்பார் இன்றும் உளர். அவர்க்கு விடையாக அணுவியலின் நுண்ணிய சிக்கல் ஒன்றையே எடுத்துக்கொள்கின்றேன்.

கல்பாக்கத்தில் 1996-இல் 'காமினி' என்னும் சிற்றுலை இயங்கத் தொடங்கிற்று. (ஊர்ப்பெயரின் முதலும் ஓர் ஆங்கிலச் சொல்லும் கூடிப் பிறந்த பெயர், நல்ல தமிழ்ப்பெயரா கிடைக்கவில்லை?) 30 கிலோவாட்டே அதன் ஆற்றல். நொதுமிகளைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பைப் படம்பிடிக்க அமைந்த உலை அது. ஆனால் எந்த உலையிலும் நொதுமி தனித்து வருவதில்லை, காமாக்கதிரும் உடன்வரும். 'கதிர் வருகின்றது' என்று மட்டும் கருவி சொன்னால் போதுமா? ஒரே அளவு ஆற்றலை உடல் ஏற்றாலும், நொதுமியின் தீங்கு அதன் விரைவிற்கேற்ப ஏறத்தாழ 20 மடங்கு வரை கூடுதலாகக் கணக்கிடப்படும். காமாவைத் தடுப்பது ஈயம். நொதுமியின் விரைவை அடக்க நீரோ மெழுகோ வேண்டும். உலையருகே நிற்கும் தொழிலாளியின் உயிர்நலமே இப்பகுப்பில் அடங்கியுள்ளது.

இம்மயக்கம் நொதுமியோடு உடன்பிறந்தது. பெரிலியத்தினின்று வெளிப்பட்ட கதிர் மெழுகிலுள்ள நீரக அணுக்கருக்களை உந்தித் தள்ளுவதைப் பாரிசில் ஐரீன் கியூரியும் அவர் கணவர் சோலியோவும் கண்டனர். கண்டும் அதனைக் காமா என்றே கொண்டனர். 1932-இல் இங்கிலாந்தின் சாட்விக், அது மின்னேற்றமற்ற துகள் என நாட்டினார்.

அன்று சான்று பகர்ந்த நீரகமே இன்றும் சான்று பகர்கின்றது. கதிர் பட்டால் மினுக்கென ஒளிரும் நீர்மங்கள் சில உள. அவற்றில் காமா மின்னணுவை உந்தும். விரைநொதுமி நீரகக் கருவை உந்தும். இரண்டும் ஒளி தரும். மண்பானையைத் தட்டினால் ஒலி உடன் அடங்கும். வெண்கல மணியில் நெடிது நிற்கும். அங்ஙனமே, காமாவின் ஒளி பெரும்பாலும் நொடியின் நூறுகோடியில் சில பங்கிற்குள் அடங்க, நொதுமியின் ஒளியிலோ பின்தங்கி மங்கும் பகுதி மிகுதி. அப்பிற்பகுதியை முழு ஒளியால் வகுத்து வரும் ஈவைக் கொண்டு கருவி இரண்டையும் பிரிக்கும். மிகச் சிறிய ஒளித்துடிப்புகளில் மட்டும் இரண்டும் கலந்துவிடும். அங்கே கருவியும் கைவிரிக்கும்.

அப்பிற்பகுதியை ஆங்கிலர் 'வால்' என்கின்றனர். நமக்கு இசைத்துறையில் 'கார்வை' என்னும் சொல் இருக்க, வால் எதற்கு? அயலாரையும் நட்பும் பகையும் அற்றாரையும் நம் முன்னோர் நொதுமலர் என்றனர். ஏற்றம் இருவகையும் அற்ற துகள் நொதுமியாயிற்று. பாடநூலில் 'நியூட்ரான்' என்று படிக்கும் பிள்ளைக்கு அச்சொல் எதனையும் உணர்த்துவதில்லை. இங்குள்ள ஆசிரியப் பெருமக்கள் நாளை வகுப்பில் கரும்பலகையில் 'நொதுமி' என்று எழுதிப் பாடத்தைத் தொடங்குங்கள்.