மதுரையை விடப் பக்கம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன். சென்னையிலிருந்து மதுரை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா? "இது என்ன சார் கேள்வி, மதுரைதான்" என்கிறீர்கள். வான்வழியில் அளந்து பாருங்க. மதுரை விமான நிலையம் 415 கிலோமீட்டர் சுமார். யாழ்ப்பாணத்துப் பலாலி 355 கிலோமீட்டர் சுமார். யாழ்ப்பாணம்தான் பக்கம்!

ஏ.டி.ஆர். ரக விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போகும். அப்படியானால் முக்கால் மணிக்குள் போய்விட வேண்டாமா என்று மாணவர்கள் கேட்கலாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். அதனால்தான் அட்டவணையில் ஒரு மணிக்கு மேலே போடுகிறார்கள். குறைந்த தூரப் பயணத்தில் இந்தக் கூடுதல்தான் பெரிசாகத் தெரியும்.

இது புதிய வழி அல்ல. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, ரத்மலானையில் கிளம்பிய விமானம் காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. பலாலி நிலையத்துக்கு அப்போது அந்தப் பெயர். பிறகு போர் வந்தது. வழி அடைபட்டது.

அடைபட்ட வழியின் விலை என்ன? விடுதியில் என் பக்கத்து அறை நண்பன் யாழ்ப்பாணத்துக்காரன். படிப்பு முடிந்து சென்னையிலேயே தங்கிவிட்டான். 2013-ல் ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. கொழும்புக்குப் பறந்தான். அங்கிருந்து வடக்கே 400 கிலோமீட்டர் ராத்திரி பஸ். வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வரைபடத்தில் சென்னைக்கும் கொழும்புக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பாருங்க. கோடு யாழ்ப்பாணத்தின் மேலேயே போகும். அம்மா இருந்த ஊரைத் தாண்டிப் போய், பஸ்ஸில் திரும்பி வர வேண்டியிருந்தது.

2019 நவம்பரில் சென்னை–யாழ்ப்பாணம் சேவை தொடங்கியது. 2020-ல் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கியது. இடையில் நின்ற நாளில் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. நேரம்தான் ஒரு மணியிலிருந்து ஒரு நாளாக மாறியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள். அந்த உறவு அவ்வளவு பழசு. ஆனால் நம் சங்க முகவரிப் புத்தகத்தில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் 'வெளிநாடு' என்ற கடைசிப் பக்கத்தில் இருக்கிறார்கள். மதுரைக்காரருக்குத் தவறாமல் அழைப்பு போகிறது. அவரை விடப் பக்கத்தில் இருப்பவருக்குப் போவதில்லை.

செயலாளர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த சந்திப்புக்கு அவர்களுக்கும் கடிதம் போடுங்கள். தேதியை மூன்று மாதம் முன்னாலேயே சொல்லுங்கள்; விசா, டிக்கெட் எடுக்க அவகாசம் வேண்டும். வந்து இறங்குகிறவர்களை அழைத்துவர மீனம்பாக்கத்துக்கு நான் போகிறேன்.