பூவின் நடுவைப் பாருங்கள்!

நம்ம நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. குழுக்கடன் வாங்கி ஸ்ட்ராபெரி போட்டவர்களுக்குத் தூக்கமே வராது.

போன வருஷம் ஒரு அக்கா தோட்டத்தில், உறைபனி விழுந்த மறுநாள் வெள்ளை வெளேர்னு பூ நின்றது. "ஒண்ணும் ஆகலைக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். தப்பு என்னோடதுதான், பூவின் நடுவை நான் பார்க்கவில்லை. இதழ் நன்றாக இருந்தாலும் நடுவில் உள்ள மஞ்சள் மேடு கறுத்துப்போனால் அந்தப் பூ காய்க்காது. பாதி கறுத்தால் காய் கோணலாக வரும். தவணை கட்ட அந்தக் காயைத்தான் அவங்க நம்பியிருந்தாங்க.

அதுக்காகச் செடியைப் பிடுங்கிடாதீங்க. விரிந்த பூ மைனஸ் 1 டிகிரியிலேயே கருகும். மூடிய மொட்டு இன்னும் கொஞ்சம் தாங்கும். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு செடியை எடுத்து, வேருக்கு மேலுள்ள தடித்த தண்டை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் மற்ற செடிகளும் பிழைக்கும். பழுப்பு என்றால் சேதம்.

மேகமும் காற்றும் இல்லாத ராத்திரிதான் ஆபத்து. பள்ளத்து நிலத்தில் முதலில் பிடிக்கும். அன்று பகலிலேயே தண்ணீர் பாய்ச்சுங்கள், ஈரமண் சூட்டைப் பிடித்து வைக்கும். இருட்டுவதற்கு முன்னே, தேயிலைக்குப் போடுவோமே, அதே தாகையோ வைக்கோலோ போட்டு மூடுங்க. பிளாஸ்டிக் என்றால் குச்சி நட்டு, இலையில் படாமல் கட்டணும். வெயில் வந்ததும் எடுத்துடுங்க, தேனீ வரணுமில்ல?

ராத்திரி ஸ்பிரிங்க்ளர் போடுறவங்க, பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக்கூடாது. நடுவில் நின்றால் சேதம் இன்னும் கூடும். கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்குத் தாகைதான் சரி.